நுரை ஏன் வெள்ளையாக இருக்கிறது? காபி முதல் சிறுநீர் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தால் பேச்சு எப்படியோ நுரைக்கு வந்துவிடுகிறது. பால் இப்படி நுரைக்கிறதே, எதையாவது கலந்திருப்பார்களா? ஊரில் பொங்கிய இட்லி மாவு இங்கே ஏன் அப்படியே கிடக்கிறது? அப்புறம், குரலைத் தாழ்த்திக்கொண்டு, அப்பாவுக்குச் சிறுநீரில் நுரை வருகிறது, கிட்னி கோளாறா? எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பதால் ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விகள் பின்பாதியில் இருக்கின்றன. அவசரம் என்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

நுரை வருவதற்கு என்னதான் வேண்டும்?

திரவம், காற்று, காற்றுக் குமிழைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பொருள். முதல் இரண்டும் எங்கும் கிடைக்கும். மூன்றாவதுதான் முக்கியம்.

பாதி பாட்டில் குடிதண்ணீரை எடுத்து நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். குமிழ்கள் வரும், நொடியில் மறைந்துவிடும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாக இழுக்கின்றன, தண்ணீரின் பரப்பு எப்போதும் சுருங்கவே பார்க்கும். அதனால் குமிழின் மெல்லிய சுவர் நிலைக்காது. அதே பாட்டிலில் ஒரு சொட்டு சோப்புக் கரைசலை விட்டால் கதை மாறிவிடும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரை விட்டு விலகும். ஆகவே அது தண்ணீரும் காற்றும் சந்திக்கும் எல்லையில் போய் நின்றுகொண்டு சுவரைக் காக்கிறது.

சோப்பு மட்டும் இந்த வேலையைச் செய்வதில்லை. பாலில் புரதங்கள், பருப்பிலும் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சப்போனின், எச்சிலில் மியூசின், சில நோய்களில் சிறுநீரில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் என்று ஒவ்வொன்றிலும் தாங்குகிற ஆள் வேறு. எந்த நுரையைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதைத் தாங்குவது எது? எவ்வளவு நேரம் நிற்கிறது? நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். நல்ல நுரையும் வெள்ளைதான், கெட்ட நுரையும் வெள்ளைதான்.

டிகாக்ஷன் கறுப்பு, காபி பழுப்பு. அதன் நுரை மட்டும் எப்படி வெளுத்துப் போகிறது?

குமிழின் ஒவ்வொரு சுவரும் தன்மேல் விழும் ஒளியில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. நேராக விழும் ஒளியில் சுமார் 2 சதவீதம்தான் இப்படித் திரும்பும். ஆனால் நுரையில் ஆயிரக்கணக்கான சுவர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் தப்பிய ஒளி அடுத்ததில் சிதறும். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறுவதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. கண்ணாடி மாதிரி இருக்கும் கல் உப்பை இடித்தால் வெள்ளைத் தூளாவதும் இதே காரணத்தால்தான். உப்பின் நிறம் மாறவில்லை, ஒளி மோதும் பரப்புகள் பெருகிவிட்டன.

சரி, காபியின் பழுப்பு எங்கே போயிற்று? அந்த நிறம் தெரிய வேண்டுமானால் ஒளி திரவத்துக்குள் கொஞ்ச தூரம் போக வேண்டும். நுரையில் திரவம் மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது. நிறம் ஏறுவதற்குள் ஒளி திரும்பி வெளியே வந்துவிடுகிறது. டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொடிக் குமிழ்கள் நெருங்கி நிற்கும் இடம் நல்ல வெள்ளை. பெரிய குமிழ்கள் இருக்கும் ஓரத்தில் அடியிலுள்ள காபி எட்டிப் பார்க்கும்.

ஆற்றிக் கொடுக்கும் காபியில் வரும் நுரை, வீட்டில் ஏன் வருவதில்லை?

உயரம், சூடு, பால். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருக்கும்.

மல்லேஸ்வரத்திலோ பசவனகுடியிலோ நின்றபடி குடிக்கும் கடைகளில் காபி போடுகிறவரின் கையைக் கவனியுங்கள். டம்ளரை உயரத் தூக்கி மெல்லிய தாரையாக டபராவுக்குள் விடுவார். அந்தத் தாரை விழும் இடத்தில் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. முதல் ஊற்றில் பெரிய குமிழ்கள் வரும். அடுத்தடுத்த ஊற்றுகளில் அவை உடைந்து பொடியாகும். பொடிக் குமிழ் நுரைதான் வெள்ளையாகவும் கெட்டியாகவும் நிற்கும். வீட்டில் பலரும் ஒரே ஒரு முறை, அதுவும் சாண் உயரத்திலிருந்து ஆற்றிவிட்டு நிறுத்திவிடுகிறோம்.

பாலும் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் பால் நன்றாக நுரைக்கும். ஆறி வெதுவெதுப்பாகிவிட்ட பாலில் கொழுப்பு பாதி உருகியும் பாதி உறைந்தும் இருக்கும். அந்தக் கொழுப்பு குமிழ்ச் சுவரைக் குத்திக் கிழித்துவிடும். கெட்டிப் பால்தான் நுரைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் நுரையைத் தாங்குவது புரதம். கொழுப்பு நீக்கிய பால் கொழுப்புள்ள பாலைவிட எளிதாக நுரைக்கும். ருசிக்குத்தான் கொழுப்பு வேண்டும். என்னைக் கேட்டால் ருசியை விட்டுக்கொடுக்காதீர்கள், கையைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

காபிப் பொடியும் ஒரு பங்கு தருகிறது. வறுத்து அதிக நாள் ஆகாத பொடிக்குள் கரியமில வாயு தங்கியிருக்கும். ஃபில்டரில் வெந்நீர் விட்டதும் பொடி உப்பி நுரைத்தால் அந்த வாயு வெளியேறுகிறது என்று பொருள். உப்பவே இல்லையென்றால் பொடி பழசாகியிருக்கலாம்.

பால் பொங்கி வழிகிறது, தண்ணீர் கொதித்தாலும் பொங்குவதில்லையே?

தண்ணீரில் எழும் ஆவிக் குமிழ்களைத் தாங்க ஒன்றும் இல்லை, மேலே வந்ததும் உடைகின்றன. பாலில் அப்படி இல்லை. சூடேறும்போது புரதம் சுருள் பிரிந்து, கொழுப்போடு சேர்ந்து மேலே ஆடையாகப் படிகிறது. கீழிருந்து வரும் ஆவி அந்த ஆடையில் மாட்டிக்கொள்கிறது. புரதச் சுவர் கொண்ட குமிழ்கள் உடையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அதுதான் பொங்கல் பானையில் பால் கழுத்தைத் தாண்டும் அந்த நிமிஷம். பார்த்துக்கொண்டே இருந்தாலும் சட்டென்று ஏறிவிடுவதற்குக் காரணம், ஆடைக்குக் கீழே ஆவி சேர்ந்து ஒரே நேரத்தில் தூக்குவதுதான்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாலும் சென்னையைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில் பொங்கும். மூடாத பாத்திரத்தில் பருப்பு வேக இங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிப்பதும் இதனால்தான்.

பொங்காமல் இருக்க அவ்வப்போது கிளறிவிடுங்கள். ஆடை கட்டாவிட்டால் ஆவி வெளியேறிவிடும். பாத்திரத்தின் வாய்க்குக் குறுக்கே மரக்கரண்டி வைப்பது ஓரளவு உதவும், மறந்துவிட்டு டிவி பார்க்கும் அளவுக்கு அல்ல.

பாலை ஊற்றும்போதே நுரைக்கிறது. சோப்புத் தூள் கலந்திருப்பார்களா?

ஊற்றும்போது நுரைப்பது பாலின் இயல்பு. கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் எளிய வழி சொல்கிறது. ஒரு சின்ன கண்ணாடி பாட்டிலில் 5 முதல் 10 மில்லி பாலும் அதே அளவு தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். சுத்தமான பாலென்றால் மேலே மெல்லிய நுரைப் படலம் மட்டும் நிற்கும். சோப்புத் தூள் கலந்திருந்தால் அடர்ந்த நுரை வரும். நீங்கள் நம்பும் பாலையும் சந்தேகப்படும் பாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குலுக்கினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பாக்கெட்டைப் பொறுத்து நுரை கொஞ்சம் மாறும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். டோன்டு பாலில் 3 சதவீதக் கொழுப்பு, ஃபுல் கிரீம் பாலில் 6 சதவீதம்.

நுரைக்காத பாலும் வெள்ளையாகத்தானே இருக்கிறது?

ஆமாம். அங்கே ஒளியைச் சிதறடிப்பவை கேசின் புரத உருண்டைகளும் கொழுப்புத் துளிகளும். கொழுப்பை நீக்கிவிட்டால் மிச்சமிருக்கும் சிறிய புரத உருண்டைகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் பால் லேசாக நீலம் பாய்ந்து தெரியும். தேங்காய்ப்பாலின் வெள்ளைக்கும் எண்ணெய்த் துளிகள்தான் காரணம்.

ஊரில் அழகாகப் பொங்கும் இட்லி மாவு பெங்களூரில் ஏன் பொங்குவதில்லை?

டிசம்பர், ஜனவரியில் இங்கே வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். மாவைப் பொங்க வைப்பது பாக்டீரியா, குறிப்பாக லியூகோனோஸ்டாக் என்ற இனம். அரிசி, உளுந்திலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவைத் தூக்குகிறது. 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் இது சுறுசுறுப்பாக வேலை செய்யும். திருச்சியிலோ மதுரையிலோ அடுப்படி மேடையே அந்தச் சூட்டில் இருக்கும். பெங்களூர்க் குளிர்கால இரவில் 15 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பாக்டீரியா சாகவில்லை, மெதுவாகத்தான் வேலை செய்கிறது.

வாயு உண்டானால் போதாது, தங்க வேண்டும். அதற்குத்தான் உளுந்து. உளுந்தின் புரதம் குமிழ்ச் சுவராகிறது. அதிலுள்ள வழவழப்பான பசைப்பொருள் அந்தச் சுவரைக் கெட்டிப்படுத்துகிறது. கிரைண்டரில் உளுந்து ஓடுவதை நின்று பாருங்கள். ஆரம்பத்தில் மங்கலான பழுப்பு வெள்ளையாக, தொய்வாக இருக்கும். காற்று ஏற ஏற நிறம் வெளுக்கும், அளவு கூடும், கல்லில் ஒட்டாமல் சுருண்டு திரும்பும். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஓடட்டும். மிக்ஸியில் அவ்வளவு காற்று ஏறாது, சூடும் ஏறிவிடும்.

குளிர்காலத்துக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்காதீர்கள். அரைத்த மாவைக் கையால் கலந்து, மூடிய ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். ஓவன் இல்லாவிட்டால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கம்பளியைச் சுற்றி வையுங்கள். எட்டு மணி நேரத்தில் பொங்கவில்லை என்று சோடா உப்பைக் கொட்டாமல் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் பொறுங்கள். பொங்கிய மாவைக் கரண்டி போட்டு அடித்துக் கலக்காதீர்கள். இரவெல்லாம் சேர்ந்த குமிழ்கள் அரை நிமிஷத்தில் போய்விடும்.

பருப்பு வேகும்போது வரும் வெள்ளை நுரை விஷமா? எடுத்து ஊற்ற வேண்டுமா?

விஷமில்லை. பருப்பின் புரதமும் மாவுச்சத்தும் சப்போனினும் சேர்ந்து வரும் நுரை அது. குழம்பு தெளிவாக வேண்டுமானால் எடுத்துவிடலாம், விட்டாலும் கெடுதல் இல்லை. நன்றாகக் களைந்து ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் நுரை குறையும்.

ஆனால் குக்கரில் இதற்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். நுரை ஏறி வெயிட் உட்காரும் துளையை அடைத்தால் ஆபத்து. பருப்பு, அரிசி போன்ற நுரைக்கும் பொருள்களைக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பாட்டிமார்கள் பருப்பில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டதற்கு நல்ல காரணம் இருக்கிறது. எண்ணெய் குமிழ்ச் சுவரில் பரவி, புரதத்தை விலக்கி, சுவரை உடைத்துவிடும். நல்லெண்ணெயும் அதைச் செய்யும்.

முட்டை வெள்ளைக்கரு சில நாள் எவ்வளவு அடித்தாலும் நுரைக்கவில்லையே?

துளி மஞ்சள் கருவோ, கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ இருந்திருக்கும். பருப்பில் நடக்கும் அதே விஷயம்தான்.

கரும்புச்சாறு டம்ளரில் பாதி நுரையாக இருக்கிறதே?

இயந்திர உருளைகள் கரும்பை நசுக்கும்போது காற்றும் கலக்கிறது, சாற்றிலுள்ள புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு நிமிஷம் விட்டால் அடங்கும். நுரையைவிட அங்கே போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேட்பது முக்கியம்.

பெல்லந்தூர் ஏரி நுரையும் இதே மாதிரிதானா?

இயற்பியல் ஒன்றே, தாங்கும் பொருள் வேறு. வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரில் துணி சோப்பும் பாத்திர சோப்பும் கலந்திருக்கின்றன. சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்கு வரும்போது அதில் ஒரு பகுதி சகதியில் ஒட்டி அடியில் தங்கிவிடுகிறது. பெருமழை பெய்தால் அந்தச் சகதி கலங்கி, சோப்பு மறுபடி தண்ணீருக்கு வருகிறது. ஏரி வழிந்து உயரத்திலிருந்து விழும் இடத்தில் காற்றும் சேர்கிறது. சகதித் துகள்கள் குமிழ்ச் சுவரில் ஒட்டுவதால் நுரை எளிதில் உடைவதில்லை. மழைக்கும் நுரைக்கும் உள்ள இந்தத் தொடர்பை நம் ஊர் இந்திய அறிவியல் கழக ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார்கள். 2015இல் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நுரை ரோட்டில் பறந்த படங்கள் உலகமெல்லாம் போயின. பார்க்கப் பனி மாதிரி இருக்கும், ஆனால் அது சாக்கடை. குழந்தைகளைத் தொட விடாதீர்கள், மேலே பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஓடும்போதும் நிறையப் பேசும்போதும் வாயோரத்தில் வெள்ளை நுரை சேர்கிறது. நோயா?

பெரும்பாலும் இல்லை. வாயால் மூச்சு விடும்போது எச்சிலின் நீர் காய்ந்து கெட்டியாகிறது. ஓட்டத்திலும் பதற்றத்திலும் சுரக்கும் எச்சிலில் புரதம் அதிகம். வந்துபோகும் மூச்சு அதை அடித்து நுரையாக்குகிறது. தண்ணீர் குடியுங்கள். எப்போதும் வாய் காய்ந்தே இருந்தால், சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றியும் சர்க்கரை அளவு பற்றியும் டாக்டரிடம் பேசுங்கள்.

ரேஸ் குதிரைகளுக்கு வியர்வை நுரைக்கிறது. நமக்கு ஏன் இல்லை?

குதிரையின் வியர்வையில் லாதெரின் என்ற புரதம் இருக்கிறது. அது வியர்வையை அடர்ந்த ரோமத்துக்குள் பரவவைத்து உடம்பைக் குளிரவைக்கிறது. சேணமும் வாரும் உரசும் இடங்களில் வெள்ளையாக நுரைக்கும். நம் வியர்வையில் அந்தப் புரதம் இல்லை.

சிறுநீரில் நுரை வந்தால் கிட்னி கெட்டுவிட்டதா?

ஒரு முறை நுரை வந்ததற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். அதே சமயம் தொடர்ந்து வருவதை ஒதுக்கவும் கூடாது.

நோயில்லாமல் நுரை வர நிறையக் காரணங்கள் உண்டு. வெகுநேரம் அடக்கி வைத்து வேகமாகப் போவது, தண்ணீர் குறைவாகக் குடித்ததால் சிறுநீர் அடர்ந்திருப்பது, கழிப்பறையில் ஊற்றிய கிளீனர் மிச்சமிருப்பது, ஆண்களுக்கு விந்து கொஞ்சம் கலந்திருப்பது. இவற்றில் குமிழ்கள் பெரும்பாலும் பெரிதாக இருக்கும், சீக்கிரம் அடங்கும்.

நல்ல சிறுநீரகம் புரதத்தை வெளியே விடாது. நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்குள்தான் போகும். வடிகட்டி பழுதானால் ஆல்புமின் கசிகிறது, சிறுநீரில் பொடிக் குமிழ்களாகப் படர்ந்து நிமிஷக்கணக்கில் நிற்கிறது. நாள்தோறும் இப்படி வந்தாலோ, கண் இமையும் காலும் வீங்கினாலோ பரிசோதனை செய்யுங்கள். நுரையோடு சிறுநீர் அடர் மஞ்சளாகவும் கண் மஞ்சளாகவும் இருந்தால் மஞ்சள் காமாலையைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 20 வாரத்துக்குப் பிறகு நுரையோடு தலைவலி, வீக்கம், ரத்த அழுத்தம் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் சித்த மருத்துவத்தில் சிறுநீரைப் பார்த்து நோயறியும் நீர்க்குறியில் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸும் சிறுநீர்க் குமிழைச் சிறுநீரக நோயோடு சேர்த்துப் பேசியிருக்கிறார். இன்று அந்த ஊகத்துக்கு அளவு இருக்கிறது. சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் சோதனையில் 30க்குக் கீழே இயல்பு, 30 முதல் 300 வரை கசிவு, 300க்கு மேல் அதிகக் கசிவு. கிராம் கிரியாட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் ஆல்புமின் என்பது அந்தக் கணக்கு.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஆரம்பக் கசிவில் நுரையே வராது. டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்கள் நுரை வரட்டும் என்று காத்திருக்காமல், நோய் தெரிந்த நாளிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வீட்டில் அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கும்போதே இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இருமலில் வெள்ளை நுரையாகச் சளி வருகிறது.

சாதாரணச் சளி, ஆஸ்துமா, நெஞ்செரிச்சல் எதிலும் வரலாம். சில வாரங்கள் நீடித்தால் காட்டுங்கள். நுரை இளஞ்சிவப்பாக வந்து, படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார வேண்டியிருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.

வலிப்பு வந்தவருக்கு வாயில் நுரை தள்ளுவது ஏன்? அப்போது என்ன செய்வது?

அந்த நேரத்தில் எச்சிலை விழுங்க முடியாது. இறுகிய பல்லின் வழியே மூச்சு சீறி வந்து, தேங்கிய எச்சிலை நுரையாக்குகிறது. நாக்கைக் கடித்திருந்தால் ரத்தமும் கலக்கும்.

கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிஷங்களில் தானாகவே நிற்கும், அதைத்தான் இரும்பு நிறுத்தியதாக நினைக்கிறோம். வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதையும் விடாதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, அடிபடும் பொருள்களை விலக்கி, முடிந்தவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அப்போதுதான் நுரையும் எச்சிலும் மூச்சுக் குழாய்க்குள் போகாமல் வெளியே வடியும். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன்பே மறுபடி வந்தாலோ, முதல் தடவை வரும் வலிப்பாக இருந்தாலோ, பூச்சிமருந்து குடித்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.